வழக்கில் உள்ள சொத்தை வாங்கினால்

நிலமோ வீடோ வாங்க முற்படுவோர் மூன்று ஏடுகளைப் பார்த்துக்கொள்வது நம் நாட்டில் பழகிப்போன முறையாகும். சொத்து விற்பவருக்கு வந்த வகையைக் காட்டும் மூலப் பத்திரம் ஒன்று. அவர் பெயரில் உள்ள பட்டா மற்றொன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்ற வில்லங்கச் சான்று மூன்றாவது. இம்மூன்றும் செவ்வனே இருக்குமாயின் பணத்தைக் கொடுத்து, கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்துகொண்டு, இனி இது நம்முடையது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆயினும், இம்மூன்று ஏடுகளிலும் தென்படாத ஒன்று இருக்கக்கூடும். அச்சொத்தைப் பற்றி ஒரு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கே அது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒருவர் தாமே உழைத்துத் தேடிய இரண்டு ஏக்கர் நிலத்தை விட்டுவிட்டு, உயில் எழுதி வையாமல் காலமாகிறார். அவருடைய தாயாரும் மனைவியும் முன்னரே இறந்துவிட்டனர். பிள்ளைகள் ஒரு மகனும் ஒரு மகளுமே. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இருவருக்கும் சரிபாதி உரிமை உண்டு. ஆனால் நிலத்தைப் பார்த்து வருபவர் மகன். தந்தைக்குப் பின் பட்டாவையும் தம் பெயருக்கு மட்டுமே மாற்றிக்கொண்டவர். தங்கை பங்கு கேட்கிறார், அண்ணன் மறுக்கிறார், தங்கை பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கிறார். வழக்கு நடந்துகொண்டிருக்கையில் அண்ணன், நிலத்தின் மேற்புறத்து ஒரு ஏக்கரை ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு விற்றுவிடுகிறார். ஆசிரியர் தம் வாழ்நாள் சேமிப்பையெல்லாம் அதில் போடுகிறார். மூலப் பத்திரம் தந்தையின் பெயரில் இருக்கிறது; பட்டா மகனின் பெயரில் இருக்கிறது; வில்லங்கச் சான்றிலோ யாதொரு வில்லங்கமும் இல்லை. வழக்கைப் பற்றி அவரிடம் எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில ஆண்டுகள் சென்ற பின், ஒரு நாள் காலையில், நீதிமன்றத்து அமீனா ஆணையுடன் வந்து நிற்கிறார். மேற்புறத்து ஏக்கர் தங்கையின் பங்கு என்று தீர்ப்பாகிவிட்டது. அதனை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார்.

“அந்த வழக்கில் நான் கட்சிக்காரன் அல்லவே! என்னைக் கேளாமல் செய்த தீர்ப்பு என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்?” என்று ஆசிரியர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் தங்கைக்கும் ஒரு கேள்வி உண்டு. “நான் நீதிமன்றத்தின் வாயிலை அடைந்த பிறகு என் அண்ணன் செய்த விற்பனையால் என் பங்கு எப்படிப் பறிபோகும்?” என்று அவர் கேட்கிறார். இதுவும் நியாயமான கேள்வியே. இருவரில் எவர் மீதும் குற்றம் இல்லை. சட்டம் இவர்களில் யார் பக்கம் நிற்கிறது, எதனால் நிற்கிறது, மற்றவருக்கு என்ன வழி விடுகிறது என்பனவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

இதற்கு விடை கூறுவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. நீண்ட வாக்கியமாக அமைந்த அப்பிரிவின் கருத்தைத் தமிழில் இவ்வாறு கூறலாம்: அசையாச் சொத்து ஒன்றின் மீதான உரிமை நேராகவும் குறிப்பாகவும் தர்க்கத்துக்கு உள்ளாகியிருக்கும் வழக்கு, அதிகாரம் பெற்ற நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் காலத்தில், அவ்வழக்கில் பிறக்கக்கூடிய தீர்ப்பாணையின்படி மற்றக் கட்சியினருக்குக் கிடைக்கும் உரிமைகளைப் பாதிக்கும் வகையில், வழக்கின் கட்சியினர் எவரும், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அது விதிக்கும் நிபந்தனைகளுக்கு இணங்கச் செய்தாலன்றி, அச்சொத்தை மாற்றிக் கொடுக்கவோ வேறு விதமாகக் கையாளவோ கூடாது.

இவ்விதி இந்தியாவில் தோன்றியதன்று. வழக்கு நிலுவையில் இருக்கையில் புதிதாக எதனையும் புகுத்தலாகாது என்பது இலத்தீன் மொழியில் வழங்கும் பழைய சட்ட முதுமொழி. அதன் அடிப்படைக் காரணத்தை இங்கிலாந்தில் 1857-ஆம் ஆண்டில் ‘பெல்லமி எதிர் சாபின்’ என்னும் வழக்கில் நீதிபதி டர்னர் தெளிவாக எடுத்துரைத்தார். வழக்கு நடக்கையில் சொத்தைக் கைமாற்றுவதை ஏற்றுக்கொண்டால், எந்த வழக்கையும் வெற்றியுடன் முடிக்கவே இயலாது என்பது அவர் கூறியதன் சாரம். சற்றுச் சிந்தித்தால் இதன் உண்மை விளங்கும். அண்ணன் ஆசிரியருக்கு விற்றவுடன் தங்கை ஆசிரியர் மீது புது வழக்குத் தொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவ்வழக்கு நடக்கையில் ஆசிரியர் வேறொருவருக்கு விற்கலாம். அவர் மீது மூன்றாவது வழக்கு. அது முடியுமுன் நான்காவது கிரயம். தங்கையின் ஆயுள் முடியும், வழக்கு முடியாது. கிரயப் பத்திரம் எழுதும் செலவில் நீதிமன்றத்தின் தீர்ப்பையே தோற்கடித்துவிடலாம் என்றால் நீதிமன்றம் இருந்துதான் என்ன பயன்? ஆகவே இவ்விதி வாங்குபவரைத் தண்டிப்பதற்காகப் பிறந்ததன்று. தீர்ப்பு வெறும் காகிதமாகப் போய்விடாமல் காப்பதற்காகவே பிறந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது விளக்கமாகக் கூறுவது நலம். “வழக்கில் உள்ள சொத்தை விற்றால் அந்தக் கிரயம் செல்லாது” என்று மக்கள் பொதுவாகச் சொல்வதுண்டு. சட்ட வாசகங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் நம்மைப் போன்றோர், இந்தச் ‘செல்லாது’ என்னும் சொல்லை எழுதுமுன் பேனாவைச் சற்று நிறுத்தியே தீர வேண்டும். ஏனெனில், சட்டத்தில் அச்சொல் இல்லை. ‘மாற்றிக் கொடுக்கக் கூடாது’ என்னும் முடிவை மட்டும் பார்ப்பவர் தடை என்று கருதுவர். ஆனால் வாக்கியத்தின் பாரம் முழுவதும் ‘உரிமைகளைப் பாதிக்கும் வகையில்’ என்ற தொடரின் மீதே நிற்கிறது. விற்பனைக்குத் தடை இல்லை. விற்பனையால் மற்றவரின் உரிமையைக் குலைப்பதற்கே தடை. 1956-ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றமும் இத்தொடரையே எடுத்துக் காட்டி, இத்தகைய மாற்றம் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே செல்லும் என்றும், தீர்ப்பாணை அளிக்கும் உரிமையோடு எவ்வளவுக்கு மோதுகிறதோ அவ்வளவுக்கு மட்டுமே அது பணிந்து போகும் என்றும் விளக்கியது. எனவே ‘செல்லாது’ என்பதைவிட ‘தீர்ப்புக்கு உட்பட்டது’ என்பதே பொருத்தமான மொழி.

இச்சொல் வேறுபாடு ஏட்டோடு நிற்பதன்று. ஆசிரியரின் பணமே அதில் அடங்கியிருக்கிறது. கிரயம் அடியோடு செல்லாது என்றால், வழக்கில் எவர் வென்றாலும் அவருக்கு ஒன்றும் இல்லை. தீர்ப்புக்கு உட்பட்டது என்றால், தீர்ப்பைப் பொறுத்து அவர் நிலை மாறும். நிலத்தைப் பிரிக்கையில் மேற்புறத்து ஏக்கர் அண்ணன் பங்கிலேயே விழுமாயின், ஆசிரியரின் உரிமை முழுமையாக நிற்கும். அந்த ஏக்கரில் பாதி மட்டும் அண்ணனுக்கு விழுந்தால், அந்தப் பாதி ஆசிரியருக்கு நிற்கும். மறு பாதி போய்விடும். முழுவதும் தங்கைக்கு விழுந்தால், அந்த நிலத்தில் ஆசிரியருக்கு ஒன்றும் நில்லாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு பாகப்பிரிவினை மேன்முறையீட்டில் 2010-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த மூவகை விளைவையும் தெளிவுபடுத்தியிருக்கிறது. வழக்கே தள்ளுபடியாகி, அம்முடிவு மேன்முறையீட்டுக்கு இடமின்றி உறுதிப்பட்டுவிட்டால், கிரயத்துக்கு இப்பிரிவினால் எவ்வித ஊறும் இல்லை.

இனி, இவ்விதி எந்த வழக்குகளுக்குப் பொருந்தும் என்பதைக் காண்போம். முதலாவதாக, வழக்கு அசையாச் சொத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். அச்சொத்தின் மீதுள்ள உரிமையே நேரடியாகத் தர்க்கத்தில் இருக்க வேண்டும். ஒருவர் கைமாற்றாகக் கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தால், கடன்பட்டவரின் வீடு அவ்வழக்கின் பொருள் ஆகாது. அவ்வீட்டை விற்றால் 52-ஆவது பிரிவு குறுக்கே வாராது. அதே கடனுக்கு வீடு அடமானமாக இருந்து, அடமானத்தின் மீது வழக்குத் தொடுத்தால் பிரிவு பொருந்தும். அவ்வாறே, ஜீவனாம்சம் கேட்கும் மனைவி பணம் மட்டும் கேட்டால் பொருந்தாது. குறிப்பிட்ட நிலத்தின் மீது அத்தொகைக்குப் பொறுப்பு ஏற்றித் தரும்படி கேட்டால் பொருந்தும்.

இரண்டாவதாக, வழக்கை விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்க வேண்டும். மூன்றாவதாக, சொத்தை விற்றவர் வழக்கின் கட்சிக்காரராக இருக்க வேண்டும். இந்த விதி பிரதிவாதியை மட்டுமே கட்டுவது என்று எண்ணலாகாது. வாதியையும் அவ்வாறே கட்டும். நான்காவதாக, அவ்வழக்கு கட்சியினர் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு நடத்தும் கூட்டு வழக்காக இருத்தல் கூடாது. வாதியும் பிரதிவாதியும் உள்ளூர ஒன்றுபட்டு, வெளியே சண்டையிடுவது போல நடித்து, மூன்றாம் மனிதரை ஏமாற்றப் பெறும் தீர்ப்புக்கு இப்பிரிவு துணை நில்லாது. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. கூட்டு வழக்கு வேறு, மோசடி வழக்கு வேறு என்று 1956-ஆம் ஆண்டுத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. கூட்டு வழக்கில் சண்டை பொய். மோசடி வழக்கில் சண்டை மெய். ஒரு கட்சி மட்டும் நீதிமன்றத்தை ஏமாற்றுகிறது. பிரிவு விலக்கி வைப்பது கூட்டு வழக்கை மட்டுமே.

விற்பனை மட்டுமன்றி அடமானம், குத்தகை, தானம், பரிவர்த்தனை ஆகிய எல்லாவற்றுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உரிமையாளர் தாமாகச் செய்யாமல் நீதிமன்ற ஏலத்தில் விலை போன சொத்துக்கும் இக்கோட்பாடு உண்டு என்று 1967-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொத்து மாற்றுச் சட்டம் நேராக அமலுக்கு வராத பஞ்சாப் போன்ற பகுதிகளிலும், நீதியும் நேர்மையும் வேண்டும் முறை என்ற அளவில் நீதிமன்றங்கள் இதனைக் கைக்கொண்டு வந்திருக்கின்றன.

வழக்கு எப்போது ‘நிலுவை’ ஆகிறது, எப்போது நிலுவை தீர்கிறது என்பது அடுத்த கேள்வி. அனுபவத்தில் பலர் இடறி விழுவது இந்த இடத்தில்தான். 1882-ஆம் ஆண்டு வாசகத்தில், எதிர்த்து வாதாடப்படும் வழக்கு தீவிரமாக நடைபெறும் காலம் என்று கண்டிருந்தது. அழைப்பாணை கைக்கு வந்து சேராத பிரதிவாதி எதிர்த்து வாதாடுகிறார் என்று எப்படிச் சொல்வது என்ற ஐயம் எழுந்தது. அழைப்பாணை சேருமுன் செய்த மாற்றமும் இவ்விதிக்கு உட்பட்டதே என்று 1907-ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் முடிவு கூறியது. பின்னர் 1929-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பழைய சொற்களை நீக்கிவிட்டு ஒரு விளக்கத்தையும் சேர்த்தது. அதன்படி, அதிகாரம் பெற்ற நீதிமன்றத்தில் பிராது தாக்கல் செய்த நாளிலேயே நிலுவை தொடங்கிவிடுகிறது. தீர்ப்பாணை பிறந்து, அது முழுவதும் நிறைவேறித் தீரும் வரை, அல்லது நிறைவேற்றுவதற்குரிய காலக்கெடு கடந்து போகும் வரை நிலுவை நீடிக்கிறது. அசையாச் சொத்தை ஒப்படைக்குமாறு பிறந்த தீர்ப்பாணையை நிறைவேற்ற 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அளிக்கும் கெடு 12 ஆண்டுகள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்நிழல் எவ்வளவு நீளமானது என்பது புலனாகும்.

எனவே, “தீர்ப்புத்தான் ஆகிவிட்டதே, இனி வழக்கு ஏது?” என்று விற்பவர் சொல்வதை நம்பிவிடலாகாது. வழக்குத் தள்ளுபடியான மறுநாள் செய்த கிரயமும் ஆபத்தில்லாதது அன்று. மேன்முறையீடு என்பது முதல் வழக்கின் தொடர்ச்சியே. ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் அடுத்த நீதிமன்றத்தில் மேன்முறையீடு தாக்கலாவதற்கும் இடையே உள்ள நாட்களில் நடந்த விற்பனையும் இவ்விதிக்கு உட்பட்டதே என்று 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

இனி, “எனக்கு வழக்கு இருப்பதே தெரியாது, நல்லெண்ணத்துடன் முழு விலை கொடுத்து வாங்கினேன்” என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். நம் சட்டங்களில் பல இடங்களில் நல்லெண்ணத்துடன் வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஒருவருக்கு விற்பதாக ஒப்பந்தம் செய்துகொண்ட சொத்தை உரிமையாளர் வேறொருவருக்கு விற்றுவிட்டால், முந்தைய ஒப்பந்தத்தை அறியாமல் நல்லெண்ணத்துடன் விலை கொடுத்த அந்த இரண்டாமவரைக் குறித்த பரிகாரச் சட்டம் காப்பாற்றுகிறது. ஆனால் முதல் ஒப்பந்தக்காரர் நீதிமன்றத்துக்குச் சென்ற பிறகு அந்த விற்பனை நடந்திருந்தால்? தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டில் ஒருவர் இவ்வாறு வழக்குத் தொடுத்த சில நாட்களுக்குள் அச்சொத்து மற்றொருவருக்கு விற்கப்பட்டது. அவ்விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று 2008-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. வழக்குத் தொடுத்த பின் வாங்கியவருக்கு நல்லெண்ணம் கேடயம் ஆகாது. 52-ஆவது பிரிவே மேலோங்கும் என்பது முடிவு. ஏனெனில் இந்த விதி வாங்குபவரின் மனத்தில் இருந்த அறிவைப் பற்றி விசாரிப்பதே இல்லை. அறிந்து வாங்கினாலும் அறியாமல் வாங்கினாலும் அவர் விற்றவரின் இடத்தில் நிற்கிறார். விற்றவரைக் கட்டும் தீர்ப்பு, வழக்கில் பெயர் சேராவிடினும், அவரையும் கட்டும். ஆசிரியரின் முதற் கேள்விக்கு இதுவே விடை.

அவ்விடையின் கடுமை, அமீனா வந்து நிற்கும் நாளில்தான் முழுமையாகத் தெரியும். பொதுவாக, தீர்ப்பாணையை நிறைவேற்ற வருகையில், சொத்தில் தமக்குத் தனி உரிமை உண்டு என்று சொல்லும் வேற்று மனிதர் தடை மனுக் கொடுத்து விசாரணை கேட்கலாம். ஆனால் வழக்கு நடக்கையில் வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆவது கட்டளையில் 102-ஆவது விதி கூறுகிறது.

அப்படியாயின் ஆசிரியருக்கு வழியே இல்லையா? உண்டு, ஆனால் அவர் காலத்தில் விழித்துக்கொள்ள வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே செய்தி தெரிந்தால், அதே சட்டத்தின் 22-ஆவது கட்டளை 10-ஆவது விதியின்படி, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அவர் வழக்கில் சேர்ந்து, விற்றவரின் சார்பில் வாதாடலாம். நிலத்தை விற்றுக் காசாக்கிக்கொண்ட அண்ணனுக்கு வழக்கில் அக்கறை குறைந்துவிடுவது இயல்பு. ஆகையால் ஆசிரியர் சேர்ந்துகொள்வது அவசியமும் ஆகும். சேர்ந்தபின், தாம் வாங்கிய மேற்புறத்து ஏக்கரையே அண்ணன் பங்குக்கு ஒதுக்கும்படி கேட்கலாம். தங்கைக்கு அதனால் குறைவு நேராதென்று கண்டால் நீதிமன்றம் அவ்வாறு செய்யவும் கூடும். ஆனால், விற்கக் கூடாது என்று நீதிமன்றம் தடையாணை பிறப்பித்திருந்து, அதனை மீறி நடந்த விற்பனையாக இருந்தால், வழக்கில் சேர்வதற்கே நீதிமன்றம் இடங்கொடாமல் போகலாம். தடையாணையை மீறியவருக்குச் சொத்து ஜப்தியும் மூன்று மாதம் வரை உரிமையியல் சிறைவாசமும் விதிக்க இடமுண்டு.

நிலம் கை நழுவிப்போனாலும் பணம் கேட்கும் உரிமை அழிவதில்லை. சாதாரண கவனத்தால் வாங்குபவர் கண்டுகொள்ள முடியாததும், தாம் அறிந்ததுமான உரிமைக் குறைபாட்டை விற்பவர் வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு விதிக்கிறது. தமக்கு உரிமை உண்டு என்னும் உறுதிமொழி கிரயத்தில் உள்ளடங்கியதாகவும் அதே பிரிவு கொள்கிறது. எனவே, விலையையும் இழப்பீட்டையும் அண்ணனிடமிருந்து ஆசிரியர் வழக்கிட்டுப் பெறலாம். அண்ணன் கையில் அப்போது பணம் இருக்குமா என்பது வேறு செய்தி. சட்டம் தரும் உரிமைக்கும் கைக்கு வரும் பணத்துக்கும் இடையே உள்ள தூரத்தை நாம் யாவரும் அறிவோம்.

தங்கையின் பக்கத்திலும் சில கடமைகள் உள்ளன. சட்டம் காப்பாற்றும் என்று வாளாவிருத்தல் சரியன்று. பிராதில் புல எண், எல்லை, பரப்பு ஆகியவற்றைப் பிழையின்றிக் குறிக்க வேண்டும். சொத்தின் விவரம் தெளிவாக இல்லாவிடில் பின்னர் தகராறு எழும். அண்ணன் விற்க முயல்கிறார் என்று தெரிந்தவுடன் 39-ஆவது கட்டளையின்படி இடைக்காலத் தடையாணை கோர வேண்டும். 52-ஆவது பிரிவு விற்பனையை நிறுத்துவதில்லை. அதன் விளைவை மட்டுமே மட்டுப்படுத்துகிறது. விற்பனையையே நிறுத்தி வைப்பது தடையாணை. தீர்ப்பாணை பெற்றபின் அதனை நிறைவேற்றும் காலக்கெடுவையும் தவற விடலாகாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு குறை எஞ்சி நிற்கிறது. ஆசிரியர் தவறேதும் செய்யவில்லை. பார்க்க வேண்டிய ஏடுகளைப் பார்த்தார். பார்த்த ஏட்டில் வழக்கு இல்லை என்பதே குறை. இதனைப் பம்பாய் மாகாணம் முன்னரே உணர்ந்தது. 1939-ஆம் ஆண்டில் அம்மாகாணம் இயற்றிய திருத்தத்தின் நோக்கம், வழக்கைப் பற்றிய அறிவிப்பைப் பதிவு செய்தால்தான் 52-ஆவது பிரிவின் பயன் கிட்டும் என்று ஏற்பாடு செய்வதாகும். அந்த வழியில் இன்றும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் சொத்து வாங்குவோர் பதிவு ஏடுகளைத் தேடினாலே வழக்கின் தடம் தெரிய வாய்ப்புண்டு. 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் ஆசிரியரைப் போன்றோரின் இன்னலைக் குறிப்பிட்டு, இத்தகைய ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் விரிவாக்குவது பற்றி ஆராய வேண்டும் என்று யோசனை கூறியது.

அத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில் வாங்குவோர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழிகள் எளியவையே. சொத்து வாரிசுரிமையால் வந்ததாயின், வாரிசுகள் எத்தனை பேர், பெண் மக்கள் உண்டா என்று கேட்டறிந்து, அனைவரையும் பத்திரத்தில் கையெழுத்திடச் செய்ய வேண்டும். நிலத்தை நேரில் சென்று பார்த்து, உழுபவர் யார், குடியிருப்பவர் யார் என்று அக்கம்பக்கத்தாரிடம் விசாரிக்க வேண்டும். பத்திரம் சொல்லாததை வரப்பு அண்டைக்காரர் சொல்லிவிடுவார். சொத்து இருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றங்களில் விற்பவர் பெயரிலும் அவருடைய குடும்பத்தார் பெயரிலும் வழக்கு உண்டா என்று வழக்கறிஞர் மூலம் தேட வேண்டும். மாவட்ட நீதிமன்றங்களின் வழக்கு விவரங்களைக் கட்சிக்காரரின் பெயரைக் கொண்டு கணினியிலேயே தேடும் வசதி இப்போது உண்டு. வழக்கு எதுவும் இல்லை என்று விற்பவரிடம் எழுத்து மூலம் உறுதி பெறுவதும் நலம். வழக்கு உண்டென்று தெரிந்தும் வாங்கியே தீர வேண்டுமாயின், நீதிமன்றத்தின் அனுமதியுடன் வாங்குவதே நேர்வழி.

ஆசிரியரும் தங்கையும் எழுப்பிய கேள்விகளுக்கு மீண்டு வருவோம். குற்றமற்ற இருவரில் ஒருவர் நட்டப்பட்டே ஆக வேண்டும் என்ற நிலையில், சட்டம் தங்கையின் பக்கம் நிற்கிறது. நீதிமன்றத்தை நம்பி முதலில் வந்தவர் அவர். அவருக்குத் தீர்ப்புக்காகக் காத்திருப்பதன்றி வேறு வழி இல்லை. ஆசிரியருக்கோ வாங்குமுன் விசாரிக்க வழி இருந்தது. வாங்காமல் இருக்கவும் வழி இருந்தது. இந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்ளும் போதே, இழந்தவரின் துயரத்தை நாம் மறத்தல் ஆகாது. ஆகையால், சொத்து வாங்கப் புறப்படும் ஒவ்வொருவரும் வில்லங்கம் உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், வழக்கு உண்டா என்ற கேள்வியையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே கேட்டுவிட வேண்டும். கிரயம் முடிந்த பின் கேட்டால் பயனில்லை.